ஆப்பிரிக்க முனீஸ்வரனும் அலோன் சம்பந்தமும்

1

ஒரு மரத்தின் பேச்சைக் கேட்டு என் மகளைப் பர்மாக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மாயவரத்தில் பேச்சாம். சென்ற வாரம் கப்பலில் வந்திறங்கிய ஒருவர், நார்த்தங்காய் ஊறுகாயைக் கொடுத்த கையோடு இந்தச் செய்தியையும் கொடுத்தார்.

"மரம் வாய் தொறந்து பேசுச்சாமே? எந்த பாஷையில பேசுச்சு?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. தமிழில் பேசியிருந்தால் ஒரு தீர்ப்பு, பர்மிய மொழியில் பேசியிருந்தால் வேறு தீர்ப்பு என்று கையில் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்.

ரங்கூனிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் மழையைப் பற்றி எழுதுவார்கள், அரிசி விலையைப் பற்றி எழுதுவார்கள், ஙப்பிக் கருவாட்டின் வாடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். நானும் இதுவரை அப்படித்தான் எழுதிக் காலத்தை ஓட்டினேன். இந்த முறை மரத்தைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. மானம் போவதென்றால் முழு விவரத்தோடு போகட்டும்.

மரம் இருப்பது ரங்கூனின் அலோன் பகுதியில், ஆற்றங்கரையில், நான் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிற அறுப்பு மில்லின் வளாகத்துக்குள். பர்மாக் காட்டுத் தேக்கெல்லாம் ஆற்றில் மிதந்து வந்து அறுபடுகிற இடத்தில் அறுபடாமல் நிற்கும் ஒரே மரம் அதுதான். எதற்கும் உதவாததால் பிழைத்துக் கிடக்கிறது. ஆபீசில் நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

முன்பு இருந்த துரை ஒருவர் ஆப்பிரிக்கக் காடுகளில் சில காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். விதை கொண்டுவந்து இரண்டு கன்று வளர்த்தார். ஒன்று எங்கள் வளாகத்தில், மற்றொன்று பக்கத்து பங்களாவில். அடிமரத்தில் ஒரு தகரத்தை அடித்து, 'கிகேலியா, ஆப்பிரிக்கா' என்று இங்கிலீஷில் எழுதி வைத்தார். அந்தப் பெயர் கூலிகளின் வாயில் நுழையவில்லை. என் வாயில் நுழைந்தது, தங்கவில்லை.

காய்தான் அதன் விசேஷம். கிளையிலிருந்து தாம்புக்கயிறு போல நீளமாக ஒரு காம்பு தொங்கும். அதன் நுனியில் சாம்பல் பூத்த சுரைக்காய் போல, முழங்கையைவிட நீளமான காய். சுரைக்காய் என்றே நம்பிக் கூட்டு வைக்கப் போனவர்கள் உண்டு. கத்தி இறங்காது. பச்சையாய்த் தின்றால் வயிறு போகும். பழுத்தாலும் நிறம் மாறாது, வாசனை வராது, கீழே விழுவது ஒன்றுதான் பழுத்ததற்கு அடையாளம். விழுகிற இடத்தில் தலை இருந்தால் தலை போகும். அதன் சொந்தக் காட்டில் யானை தின்னும் என்று அந்தத் துரை சொன்னார். எங்கள் மில்லில் கட்டை அடுக்கும் யானை ஒருமுறை அருகே வந்தது, துதிக்கையால் தொட்டது, பெருமூச்சு விட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பியது.

2

எங்கள் வீடும் வளாகத்துக்குள்தான். அந்த மரத்தின் நிழல் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே விழும். நிழல் இருந்தால் கூலிகள் ஒதுங்குவார்கள். எதற்கு ஒதுங்குவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. என் மனைவி செல்லம்மாள் ஜன்னலிலிருந்து கத்திப் பார்த்தாள். நான் தமிழிலும் பர்மிய மொழியிலும் ஓர் உத்தரவு எழுதி, துரையின் கையெழுத்தும் வாங்கி மரத்தில் ஒட்டினேன். உத்தரவுக்கு நேர் கீழே காரியம் தொடர்ந்து நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை செல்லம்மாள் மூன்று செங்கல்லை எடுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் நட்டாள், மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், ஒரு முழம் பூவைச் சுற்றினாள். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இது என்ன சாமி?" என்றேன்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இனிமே எவன் வந்து நிக்கிறான்னு பாப்போம்."

எவனும் நிற்கவில்லை. துரையின் கையெழுத்தைவிட மஞ்சளுக்கு மதிப்பு அதிகம் என்பதை நான் அன்றே குறித்துக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே செங்கல் வைக்க முனீஸ்வரனாக முடிந்தது. ஒருவன் தேங்காய் உடைத்தான். இன்னொருவன் சூலம் நட்டான். கூலிகளுக்குத் தலைவரான ரத்தினம் மேஸ்திரி, கனவில் சாமி வந்து தன் பெயரைச் சொன்னதாக அறிவித்தார். மேஸ்திரிதான் அலோன் தமிழர்களின் பஞ்சாயத்துக்கும் தலைவர். ஆகவே கனவை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. தொங்குகிற காய்களெல்லாம் முனீஸ்வரனின் கதாயுதங்கள் ஆயின. "கெட்டவன் தலையில மட்டுந்தான் விழும்" என்று மேஸ்திரி சொன்னார். அதன் பிறகு ஒரு காய் இப்போதைய துரையின் மோட்டார் வண்டிமேல் விழுந்து கூரையைப் பொத்தலாக்கியது. அன்று பொங்கல் வைத்தார்கள்.

பர்மிய வண்டிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் கும்பிடுகிற மரத்தில் யாரோ இருக்கத்தான் வேண்டும் என்று, மறுபக்கத்தில் தங்கள் நாட் தேவதைக்குச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கிழக்கே முனீஸ்வரன், மேற்கே நாட், இருவருக்கும் ஒரே வாழைப்பழக்காரி. 'ஆப்பிரிக்கா' என்ற தகரத்தின்மேல் மேஸ்திரி விபூதி பூசிவிட்டார். பிழைக்க வந்த நாங்கள் எங்களுக்கென்று ஒரு பூர்வீகத் தெய்வத்தைத் தேடி, எங்களைவிடத் தூரத்திலிருந்து வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டோம்.

மோட்டார் கூரை போன கோபத்தில் துரை மரத்தை வெட்டச் சொன்னார். கோடரி தூக்க ஆள் கிடைக்கவில்லை. மரம் வெட்ட அனுமதி கேட்டு நான் மேலே எழுதிய காகிதத்துக்கு, 'மேற்படி மரம் இந்நாட்டு மரமா, அந்நிய நாட்டு மரமா?' என்று கேள்வி வந்தது. முளைத்தது இங்கே, விதை வேறு நாட்டது என்று பதில் எழுதினேன். அப்படி ஒரு பிரிவு கிடையாது என்று காகிதம் திரும்பி வந்தது. ஜனக்கணக்கு எடுக்க வந்தவரிடம் என் மகளைப் பற்றி இதையேதான் சொன்னேன். அவரும் அப்படி ஒரு பிரிவு கிடையாது என்றுதான் சொன்னார். துரை கடைசியில் மோட்டார் கொட்டகையை இடம் மாற்றினார்.

3

மகள் மீனாட்சி அலோனில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியும், நமக்கு இங்கிலீஷ் தெரிகிற மாதிரி. மனு எழுதலாம், சண்டை போட முடியாது. கோபம் வந்தால் பர்மிய மொழிக்குள் புகுந்துவிடுவாள். செல்லம்மாள் தமிழில் திட்டுவாள், இவள் பர்மிய மொழியில் பதில் கொடுப்பாள், இரண்டு பேருக்கும் ஒரு சொல் விடாமல் புரியும். அண்டை வீட்டார் அவளை மா மீ என்று கூப்பிடுவார்கள். கன்னத்தில் மஞ்சளுக்குப் பதில் தனாக்கா மரத்தின் சாந்தைப் பூசிக்கொண்டு நிற்கும்போது, பெற்ற எனக்கே சில சமயம் அறிமுகம் தேவைப்படும்.

செல்லம்மாளுக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்தவர், எனக்குக் கட்டிக்கொடுத்தவர், நாகப்பட்டினம் வரை வந்து கப்பலேற்றிவிட்டுக் கரையில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவர். அவருடைய மகன் சோமு, மாயவரத்தில் ரயில்வே உத்தியோகம். மீனாட்சி பிறந்ததும் 'என் மருமகள் நலமா?' என்றுதான் மைத்துனர் எழுதினார். அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லி எழுதியதே இல்லை. எல்லாம் மருமகள்தான்.

மருமகள் வேறு இடம் பார்த்துவிட்டாள். பையன் பெயர் கோ பா தெய்ன், எங்கள் மில்லிலேயே கட்டைகளை அளப்பவன். நல்ல பையன், குடிக்கிறதில்லை. தமிழும் பேசுவான். சங்கடமே அதில்தான். அவன் தமிழ் முழுவதும் கூலிகளிடமிருந்து கற்றது. பெண் கேட்க வந்த அன்று பட்டு லுங்கி கட்டி, தலையில் துணி சுற்றி, தாயார் டோ சேனுடன் வந்து உட்கார்ந்தான். கைகளைக் கூப்பி, மிகுந்த பணிவோடு என்னிடம் சொன்னான்:

"ஏய் கிராணி, ஒன் பொண்ண எனக்குக் குடுடா. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்டா."

கதவுக்குப் பின்னால் மீனாட்சி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. டோ சேன் மகனின் புலமையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வளாகத்தில் என்னிடம் யாரும் எதையும் அவ்வளவு மனமாரக் கேட்டதில்லை.

அவர்களைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு செல்லம்மாள் அடுப்படியில் உட்கார்ந்தாள். "அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றாள்.

மீனாட்சி அவள் எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்குப் பர்மிய மொழிக்குப் போகவில்லை. தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"மாமா நல்லவங்கதான். சோமு அத்தானும் நல்லவங்களா இருப்பாங்க. ஆனா அங்க போயி நான் யார்கூட சிரிப்பேன்? நீ வேணாம்னு சொல்லும்மா, நான் கப்பல் ஏறிடறேன். சத்தியமா ஏறிடறேன். ஆனா நீ சொல்லணும்."

கத்தியிருந்தால் செல்லம்மாள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இதற்கு அடுப்பைத்தான் ஊதினாள். பெண்ணை இங்கே கொடுத்தால் அண்ணன் இல்லை. அண்ணன் மகனுக்குக் கொடுத்தால் பெண் உயிரோடு இருப்பாள், சிரிக்க மாட்டாள். என் அபிப்பிராயம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நல்ல வேளை, கேட்டிருந்தால் நான் மதில்மேல் பூனை என்பது தெரிந்துபோயிருக்கும்.

4

செய்தி ரத்தினம் மேஸ்திரிக்கு எட்டியது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கிராணியாரே, நீங்க படிச்சவரு. பர்மாக்காரனுக்குப் பொண்ணு குடுத்தீங்கன்னா நாளைக்கு எங்க வீட்டுப் பொண்ணுங்க எங்க பேச்சக் கேக்குமா? அப்புறம் ஒங்க வீட்டுல நாங்க கை நனைக்க முடியாது. ஒரு சாவுன்னா தூக்க ஆளு வராது, சொல்லிட்டேன்."

அயல் நாட்டில் இருப்பவனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் எப்படி இருக்கும் என்பது ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"மேஸ்திரி, சொல்றதுக்கு நீங்க யாரு, நான் யாரு? முனீஸ்வரன் இருக்காரு. பூக்கட்டிப் பாத்துருவோம்."

மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. அவர் கண்ட கனவு, அவர் வைத்த பெயர். செல்லம்மாள் மேலும் சொன்னாள்:

"எங்கண்ணன் மகனுக்குச் சிவப்பு. வேற பூ எதுக்கு, சாமி மரத்துப் பூவே சிவப்புதானே? அவங்களுக்கு வெள்ளை. மல்லிப்பூ வச்சுருவோம்."

மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. சாமியின் சொந்தப் பூ நம் பக்கம் என்றால் சாமி யார் பக்கம்? "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று எனக்குப் பாராட்டுத் தெரிவித்துவிட்டுப் போனார்.

அந்தப் பூவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரத்தச் சிவப்பில், கிண்ணம் போலப் பெரிதாக இருக்கும். அந்தி சாய்ந்த பிறகு விரியும், விடிவதற்குள் உதிரும். அதைத் தேடி வருவது வண்டு அல்ல, வௌவால். வௌவாலுக்குப் பிடித்த வாசனை மனிதருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செத்த எலியை ஈரத் துணியில் சுற்றி வைத்தது போல இருக்கும். பகலில் வருகிற மேஸ்திரிக்கும் கூலிகளுக்கும் இது தெரியாது. செல்லம்மாள் விடியற்காலையிலேயே பூவையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடுவாள், மிச்ச வாடையை ஆற்றங்கரை ஙப்பி விழுங்கிவிடும். அந்த மரத்தோடு இரவில் படுத்து எழுகிறவர்கள் அந்த ஜன்னலுக்குள் இருக்கும் நாங்கள் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வளாகமே கூடிவிட்டது. கோ பா தெய்ன் ஓரமாக நின்றான். டோ சேன் மேற்குப் பக்கம் போய், எதற்கும் இருக்கட்டும் என்று நாட் தேவதைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டு வந்தார். செல்லம்மாள் இரண்டு பொட்டலங்களை வாழையிலையில் மடித்து நாரால் கட்டிக் கொண்டுவந்தாள். பருமன் ஒத்துவர மல்லிகையோடு இலைச்சருகைச் சேர்த்துக் கட்டியிருந்தாள், பார்வைக்கு இரண்டும் ஒன்று. காற்று என் பக்கம் வீசியது. பத்தடி தள்ளி நின்ற எனக்கு எது எந்தப் பொட்டலம் என்று தெரிந்துவிட்டது. அவள் என்ன செய்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சாமியே கிடையாது என்று இத்தனை காலம் பேசியவன், சாமியை ஏமாற்றுகிறார்கள் என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது?

கூலி லயனிலிருந்து ஒரு சின்னப் பெண்குழந்தையைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்திருந்தார்கள். "ஒண்ண எடு தாயி" என்றார் மேஸ்திரி. குழந்தை நேராகப் போய்ச் சிவப்புப் பூ இருந்த பொட்டலத்தை எடுத்தது.

செல்லம்மாளைப் பார்த்தேன். பயந்துபோயிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, அவள் முகம் விளக்கேற்றினது போல இருந்தது. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

குழந்தை பொட்டலத்தை முகத்தருகே கொண்டுபோனது. மூக்கைச் சுளித்தது. "ச்சீ" என்று கீழே போட்டுவிட்டு, மற்றதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. பிரித்தார்கள். மல்லிகை.

மொத்தக் கூட்டமும் மேஸ்திரியைப் பார்த்தது. "மொதல்ல தொட்டதுதான் கணக்கு" என்று ஒருவன் சொன்னான். மேஸ்திரி நெடுநேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அங்கேயே மாற்றியிருக்கலாம். ஆனால் அவர் உண்மையான பக்தர்.

"சாமி கொழந்தைக்குள்ள எறங்கி, தன் பூவையே வேணாம்னு தூக்கிப் போட்டுருச்சு. கையில நின்னதுதான் வாக்கு" என்றார். பிறகு கோ பா தெய்ன் நெற்றியில் அவரே விபூதி பூசினார்.

செல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண்ணுக்கு நல்லது நடந்த சந்தோஷம் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர், அண்ணனிடம் எடுபடும்படி நடிக்கிறாள் என்றார்கள்.

5

கல்யாணம் நம் முறைப்படி ஒரு தரம், அவர்கள் முறைப்படி ஒரு தரம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது மரியாதைத் தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதனால் முன்பு போல் மனம் விட்டுப் பேசுவதில்லை.

பூக்கட்டிப் பார்த்த அன்று சாயங்காலமே செல்லம்மாளிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ செஞ்சது எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்னு தெரியும். மூக்கு இருக்கே ஒங்களுக்கு."

"நெனச்சது நடந்துச்சே, அப்புறம் ஏன் அழுத?"

கை நின்றது. "கொழந்த மொதல்ல சிவப்ப எடுத்துச்சு பாருங்க. அந்த நிமிஷம் நெனச்சேன், நான் வச்ச கல்லுன்னாலும் உள்ள நெஜமாவே யாரோ இருக்காங்கன்னு. நீ என்னடி என்னை ஏமாத்தறதுன்னு என் கையத் தட்டிவிட்டு, அண்ணன எனக்குத் திருப்பிக் குடுக்கறாங்கன்னு. அது கீழ போட்டதும் தெரிஞ்சுபோச்சு. அங்க யாரும் இல்ல. நாந்தான் செஞ்சேன்."

மரத்தில் யாரும் இல்லை என்று ஆண்டுக்கணக்காக அவளிடம் சொல்லி வந்தவன் நான். அவள் வாயால் அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யாராவது இருந்திருக்கலாம் என்றுதான் இருந்தது.

மைத்துனர் அதன் பிறகு எழுதவில்லை. நாங்கள் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஊறுகாய் கொண்டுவந்தவரிடம் விசாரித்தேன். "அந்த ரங்கூன் மரத்துக்கு நெருப்பு வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு" என்றார். செல்லம்மாளுக்கும் அது காதில் விழுந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று அவளைக் கேட்டேன். மேஸ்திரியைப் பற்றிப் பயமில்லை. அவருக்குப் பூ வாசனையும் கிடையாது, எழுத்து வாசனையும் கிடையாது. அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்டேன்.

"தெரியட்டும்" என்றாள். "மரத்து மேல கோவப்பட்டா அந்தக் கோவம் எங்க போயி ஆறும்? எம்மேல வரட்டும். தங்கச்சி மேல கோவம்னா, திட்டறதுக்காவது எங்கண்ணன் ஒரு கடுதாசி போடுவாரு."

அவருக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டதாகக் கேள்வி. மாயவரத்தில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் திட்டுவதை எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.